தேனம்மையின் பெயரும் ஒரு கழித்தல் குறியும்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஃபாத்திமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் கல்லூரிக் கணினி மையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“அண்ணே, இனிமே சர்வர்ல எதையும் கம்பைல் பண்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். கட்டி ரெடியா வச்சிருக்கதையே இறக்கிக்கிறோம். நேத்து அப்டேட் இருபது நிமிசத்துல முடிஞ்சிருச்சு.”

“நல்லதுதானம்மா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

“நீங்க இருந்தப்ப முழு நாளும் உக்காந்து என்னதான் பண்ணீகன்னு இங்குட்டுப் புதுசா வந்த பிள்ளைகள்லாம் கேக்குதுக. ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கண்ணே, கல்லூரி மலர்ல போடுறோம்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வரிகள் ஓட ஆரம்பித்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், கீழிருந்து மேலாக, நிற்காமல். கம்பைல் நடக்கும்போது திரை அப்படித்தான் இருக்கும். வாசிக்க முடியாத வேகம். வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்றடிக்கிற நாளில் கண்மாய்த் தண்ணீர் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் போயிருக்காது. அந்த மாதிரி. அதைப் பார்த்தபடியே எத்தனையோ மத்தியானங்கள் எனக்குக் கழிந்திருக்கின்றன. இப்போது நினைத்தால், பாதி வேலையில் இருந்தேனா பாதி கனவில் இருந்தேனா என்று பிரிக்க முடியவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தது எலக்ட்ரீஷியனாக. சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பம், ஐடிஐ படிப்பு. ஃபேன் மாட்டுவது, ஃபியூஸ் போடுவது, ஜெனரேட்டர் பார்ப்பது. கணினி மையம் வந்தபோது அங்கே யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். போனவன் திரும்பி வரவில்லை என்று ஆபீசில் கேலி செய்வார்கள். சாயங்கால வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, நாற்பது வயதுக்கு மேல் சிஸ்டம் உதவியாளர் ஆனேன். கற்றுக்கொண்டதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. மற்றதெல்லாம் மீனாள் மேடம் வந்த பிறகு நடந்தது.

மேடம் மையத்தின் பொறுப்பாளர். என்னைவிட எட்டு வயது இளையவர். காரைக்குடியிலேயே பிறந்து, சென்னையில் படித்து, திரும்பி வந்தவர். முதல் நாளே என்னை “அண்ணே” என்றார், நான் அவரை “மேடம்” என்றேன். கடைசி வரை இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் பல வகை இருக்கிறது. அநேகமானவற்றில் புரோகிராம்களை வேறு யாரோ கட்டி முடித்துத் தருவார்கள். நாம் இறக்கி வைத்துக்கொண்டால் போதும். எங்கள் மையத்தில் ஓடியது வேறு வகை. மூல நிரல்தான் வரும். அதை நம் இயந்திரத்திலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற புரோகிராமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டையைக் கடையில் வாங்காமல் துணி எடுத்துத் தைத்துக்கொள்வது மாதிரி. தைக்கக் கொடுக்கும்போதே பை ஒன்றா இரண்டா என்று சொல்லலாம் இல்லையா? அதுபோல, இந்தப் புரோகிராமுக்கு இந்த வசதி வேண்டும், அது வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதி வைப்போம். அதற்கு யூஸ் ஃபிளாக் என்று பேர். வசதியின் பெயரை எழுதினால் வேண்டும் என்று அர்த்தம். முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் வேண்டாம்.

இந்தச் சிரமம் எதற்கு என்றால், மதிப்பெண் சான்றிதழ் அடிக்கிற பிரிண்டர் ரொம்பப் பழசு. விற்றவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அதை ஓட வைக்கிற நிரலில் மேடமே திருத்தம் செய்து வைத்திருந்தார். சான்றிதழை வரைகிற புரோகிராமும் அவர் எழுதியது. எல்லாவற்றையும் எங்கள் கையாலேயே கட்டிக்கொண்டால்தான் அந்தப் பழசும் இந்தப் புதுசும் சேர்ந்து ஓடும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அப்டேட். மேடம் அதைச் செய்கிற முறை ஒரு பூசை மாதிரி இருக்கும். என்னென்ன புதுப்பிக்கப் போகிறோம் என்று முதலில் சிஸ்டத்தைப் பட்டியல் போடச் சொல்வார். செய்யலாமா என்று சிஸ்டம் கடைசியில் கேட்கும். அதற்கு ‘ஒய்’ என்று ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், வேலை ஆரம்பமாகிவிடும். மேடம் தட்ட மாட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

“வாசிங்கண்ணே.”

நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். தொகுப்பின் பெயர், அதாவது புரோகிராமின் பெயர், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, பிறகு ஃபிளாக்குகள். சிவப்பாக இருந்தால் போட்டிருக்கிறது. நீலமாகக் கழித்தல் குறியோடு இருந்தால் எடுத்திருக்கிறது. பச்சையும் நட்சத்திரமுமாக இருந்தால், போன தடவை இருந்தது இந்தத் தடவை மாறுகிறது. மஞ்சள் என்றால் இதுவரை இல்லாத புதுசு. பச்சையும் மஞ்சளும் வந்தால் நிறுத்த வேண்டும். ஏன் மாறியது, யாருக்குத் தேவை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.

முதல் சில மாதம், மேடம் தூங்கிவிடுகிறார் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியாக வெயில் ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து கிடக்கும். சர்வரின் மின்விசிறி ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும். என் குரலே எனக்குத் தாலாட்டு மாதிரி கேட்கும். ஒரு தடவை சோதித்துப் பார்க்க நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

“ஒண்ணை விட்டுட்டீகண்ணே” என்றார், கண்ணைத் திறக்காமலே.

ஃபிளாக் கோப்பில் எந்த வரி எழுதினாலும் அதற்கு மேலே காரணம் எழுத வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. யார் கேட்டது, எதற்கு, எப்போது எடுக்கலாம். ‘கெமிஸ்ட்ரி லேப் தராசு பழைய போர்ட்டில்தான் பேசும், தராசு இருக்கிற வரை எடுக்கக் கூடாது.’ இப்படி. ஒரு விடுமுறையில் நான் அந்தத் தராசைப் பழுதென்று நினைத்து, வரியை நீக்கலாம் என்று சொன்னேன். மேடம் நேரே லேபுக்குப் போய்த் தராசைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அது சூடாக இருந்தது. “ஓடிக்கிட்டு இருக்குண்ணே” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கோப்பை வாசித்தால் கல்லூரியையே சுற்றி வந்தது போல இருக்கும். எங்கெங்கே யார் யார் உட்கார்ந்து என்னென்ன செய்கிறார்கள் என்று அதில் தெரியும்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

மேடத்தின் அம்மாவுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் லீவு. அந்த மாதம் சிஸ்டத்தின் அடிப்படையே புதிய பதிப்புக்கு மாறியது. முதல் சனிக்கிழமை, நான் தனியாக உட்கார்ந்தேன். பட்டியலே வரவில்லை. சிவப்பில் ஒரு புகார்தான் வந்தது.

எழுத்துருக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் எடுத்துக் கொடுப்பது ஒரு தொகுப்பு. எடுத்த வடிவங்களை அந்தந்த மொழியின் முறைப்படி அடுக்கித் தருவது இன்னொன்று. ஹார்ஃப்பஸ் என்று அதற்குப் பேர். ஆங்கிலத்துக்கு அது இல்லாவிட்டாலும் பெரிதாகக் குறை தெரியாது. தமிழுக்கு அது இல்லாமல் முடியாது. முதலாவதைக் கட்ட இரண்டாவது வேண்டும் என்றது சிஸ்டம். இரண்டாவதைக் கட்ட முதலாவது வேண்டும் என்றது. வட்டம்.

இதற்கு வழி எனக்குத் தெரியும். முதலாவதை ஒரே ஒரு தடவை மட்டும் ஹார்ஃப்பஸ் இல்லாமல் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டாவதைக் கட்ட வேண்டும். பிறகு முதலாவதை முழுசாகத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த ஒரு தடவைக்கான கழித்தல் குறியைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், கோப்பில் எழுதக் கூடாது. அப்படிக் கொடுத்துப் பார்த்தேன். எங்கேயோ பிசகி, மறுபடியும் அதே புகார். மூன்று தடவை. திங்கட்கிழமை மதிப்பெண் சான்றிதழ் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். மேடத்துக்குப் போன் செய்யலாம், ஆபரேஷன் அன்றைக்குத்தான். கூச்சமாக இருந்தது. இதைக்கூடச் செய்யத் தெரியாதா என்று அவர் நினைத்துவிடுவார் என்கிற கூச்சமும் கூடவே இருந்தது. அதுதான் பெரிது.

நிரந்தரக் கோப்பைத் திறந்தேன். எல்லாத் தொகுப்புகளுக்கும் பொருந்தும்படி ஒரு நட்சத்திரம் போட்டு, ஹார்ஃப்பஸுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. மேலே காரணம் எழுதவில்லை. திங்கட்கிழமை எடுத்துவிடப் போகிற வரிதானே என்று நினைத்தேன். இதற்கு ஏற்ப இன்னும் சில மாற்றங்கள் தேவை, கோப்பில் நானே எழுதிக்கொள்ளவா என்று சிஸ்டம் கேட்டது. வாசிக்காமல் சரி என்றேன். நூற்றுச் சொச்சம் வரிகளோடு பட்டியல் வந்தது. ‘ஒய்’ தட்டினேன்.

வரிகள் ஓட ஆரம்பித்தன. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை சோதனைச் சான்றிதழ் ஒன்று அடித்தேன். எப்போதும் சோதனைக்கு வைத்திருக்கிற பெயர் கண்ணப்பன், தந்தை பெயர் மாணிக்கம். அச்சு சுத்தமாக வந்தது. வெளியே கவுன்ட்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவசரமாகக் கேட்டிருந்த முப்பத்தேழு பேருக்கு அந்த வாரம் சான்றிதழ் போனது. ஆபீசில் பதிவு எண்ணையும் ஆங்கிலப் பெயரையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி உறையில் போட்டார்கள். கோப்பில் நான் எழுதிய வரி எனக்கு மறந்தே போனது.

அடுத்த வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு, பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். பெண்ணின் பெயர் தேனம்மை. கணிதம் முடித்தவள். அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகி, சிவகங்கைக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போயிருக்கிறாள். சான்றிதழில் தமிழ்ப் பெயர் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியானதைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ‘தே’யில் ‘த’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய், அடுத்து வந்த ‘ன’வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி ‘மை’யின் கொம்பு எதையும் பற்றாமல் ஓரத்தில் தனியாக நின்றது. உள்ளபடி வாசித்தால் ‘தனேம்ம’ என்று வரும். கீழே தந்தை பெயர் சொக்கலிங்கம். அதில் ‘சொ’ மூன்று துண்டாகக் கிடந்தது.

உள்ளே போய் அந்த இயந்திரத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். முத்துக்கருப்பன். ‘மு’வின் சுழி ‘ம’வை விட்டு விலகி நின்றது. ‘து’ விலகி நின்றது. ‘ரு’ விலகி நின்றது. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது என் பெயர். கண்ணப்பனிலும் மாணிக்கத்திலும் கொம்போ சுழியோ ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து சொன்னேன். “தப்பு எங்களோடதுதாம்மா. சொல்லப்போனா என்னோடது. நான்தான் பண்ணேன்.”

அந்த அம்மா பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சான்றிதழைக் கையில் வாங்கி, அந்த மூன்று துண்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

“எம் மக பேரைக்கூட விடுங்க. அவ இருக்கா, போய்க் கேட்டுக்கிருவா. செத்துப்போனவுக பேரையுமில்ல உடைச்சு வச்சிருக்கீக.”

இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். “எதையும் தொடாதீகண்ணே. நான் காலைல வந்துர்றேன். அவுகளையும் வரச் சொல்லுங்க” என்றார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரான கன்ட்ரோலர் ஐயாவிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேறு கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க முடியாதா என்று கேட்டார். அந்தப் பிரிண்டர் அந்த ஒரு இயந்திரத்தோடு மட்டும்தான் பேசும் என்றேன். “சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இருப்பேன். நாளைக்கு அதுக்குள்ள கொண்டாந்தா கையெழுத்து” என்றார். நாளை மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரன்ட் இருக்காது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மேடம் ரயிலடியிலிருந்து பையோடு நேரே மையத்துக்கு வந்தார். தேனம்மையும் அம்மாவும் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே வந்து கோப்பைத் திறந்தார். என் வரியைப் பார்த்தார்.

“இதுக்குக் காரணம் எழுதலையேண்ணே.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

வரியை நீக்கினோம். வட்டத்தை உடைக்கிற வேலையை மேடம் கட்டளையோடு சேர்த்து, ஒழுங்காக, என் கண் முன்னால் செய்தார். நான் எங்கே பிசகினேன் என்றும் காட்டினார். ஒரு இடைவெளி விட மறந்திருக்கிறேன். பிறகு பெரிய பட்டியல். அறுபது சொச்சம் தொகுப்புகள். இணையப் பக்கம் வரைகிற பெரிய தொகுப்பு ஒன்று அதில் இருந்தது. அதற்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆகும். மணி ஒன்பதே கால். கரன்ட் போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“தட்டிரலாமா மேடம்?”

“வாசிங்கண்ணே.”

“நேரம் இல்லையே மேடம்.”

“வாசிங்க.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டார். வாசித்தேன். கதவோரம் நின்று தேனம்மை கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன மொழி என்றே தெரியாத மந்திரம் போல இருந்திருக்கும் அவளுக்கு. அரை மணி நேரம். பச்சை வந்த இடத்திலெல்லாம் ஹார்ஃப்பஸ் திரும்ப வருகிறது, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனேன். பட்டியல் முடிந்தது. தப்பு ஒன்றும் இல்லை. ‘ஒய்’ மேல் விரலை வைத்தேன்.

மேடம் கண்ணைத் திறந்தார்.

“சான்றிதழ் வரலையேண்ணே.”

திரும்ப மேலே போய்ப் பார்த்தேன். சான்றிதழை வரைகிற புரோகிராம் பட்டியலில் இல்லை. நான் இருக்கிற வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாததைக் கேட்டிருக்கிறார்.

கோப்பில் தேடினோம். அடியில் கிடந்தது. சனிக்கிழமை நான் வாசிக்காமல் சரி சொன்னேனே, அப்போது சிஸ்டம் தானாக எழுதிக்கொண்ட வரி. சான்றிதழ் புரோகிராமில் தமிழுக்காக மேடம் ‘அடுக்கு’ என்று ஒரு ஃபிளாக் வைத்திருந்தார். ஹார்ஃப்பஸ் இல்லையென்றால் அது வேலை செய்யாது என்பதால், அதற்கும் ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டது. என் வரியை எடுத்தாலும் இது அப்படியே இருந்திருக்கும். நாள் முழுக்கக் கட்டி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே ‘தனேம்ம’ வந்திருக்கும்.

அந்த வரியையும் நீக்கினோம். மறுபடி பட்டியல். இப்போது சான்றிதழ் வந்தது, பச்சை நட்சத்திரத்தோடு. ‘ஒய்’ என்னைத் தட்டச் சொன்னார்.

அதன் பிறகு அந்த நாள் எனக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. வரிகள் ஓடின. வெளியே மேகம் மூடியிருந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அந்த அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். மேடம் மற்ற முப்பத்தாறு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தேனம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

“இதுல எங்குட்டு சார் எம் பேரு வரும்?”

“இதுல வராதும்மா. இது கொம்பை எங்க வைக்கணும்னு மெசினுக்குச் சொல்லிக் குடுக்குறது. இது முடிஞ்சாத்தான் பேரு.”

கொஞ்ச நேரம் கழித்து அவளாகச் சொன்னாள். “சான்றிதழ் வாங்குன அன்னைக்கே பாத்தேன் சார்.”

“பாத்துட்டு ஏம்மா சொல்லல?”

“கம்ப்யூட்டர்ல தமிழ் இப்படித்தான் வரும்னு நினைச்சேன். எத்தனையோ ரசீதுல இப்படித்தானே வருது. கண்ணாலயே எடுத்து முன்னாடி வச்சு வாசிச்சுக்கிட்டேன்.”

முப்பத்தேழு பேரும் அப்படித்தான் வாசித்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கண்ணாலேயே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்கள். மேடம் திட்டாதது, கன்ட்ரோலர் ஐயா பிறகு கொடுத்த மெமோ, இதெல்லாம் எனக்கு வலித்ததுதான். அந்தப் பெண் சொன்ன அந்த வார்த்தை வலித்த மாதிரி இல்லை.

இரண்டரை மணிக்கு ஜெனரேட்டர் இருமியது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, டீசல் ஃபில்டரில் அடைப்பு. யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். இயந்திரம் அணைந்தால் பெரிய தொகுப்பு முதலிலிருந்து. ஓடினேன். ஸ்பேனர் எடுத்து, ஃபில்டரைக் கழற்றி, கழுவி, மாட்டி, காற்றை வெளியேற்றி, கையெல்லாம் டீசலோடு ஸ்டார்ட் செய்தேன். திரும்பி வந்தபோது யுபிஎஸ் கடைசி விளக்கில் கத்திக்கொண்டிருந்தது. வரிகள் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. “நிக்கவே இல்ல சார்” என்றாள் தேனம்மை. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நாலே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. மேடம் சோதனைப் பெயரை அடிக்க விடவில்லை. “இவுக பேரையே அடிங்கண்ணே, வெள்ளைத் தாள்ல” என்றார். தாள் வந்ததும் என்னிடம் தரவில்லை, அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் முதலில் மகள் பெயரை வாசிக்கவில்லை. கீழே இருந்ததை, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, “சொக்கலிங்கம்” என்று வாசித்தார். கணவன் பெயரை அவர் வாயால் சொல்லி அதுவரை கேட்டதே இல்லை என்று தேனம்மை பிறகு சொன்னாள்.

ஐந்து இருபதுக்குக் கன்ட்ரோலர் ஐயா கையெழுத்துப் போட்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இப்போதும் இந்த மாவட்டத்தில்தான் ஒரு அலுவலகத்தில் இருக்கிறாள். முப்பத்தாறு சான்றிதழையும் ஒரு மாதத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டோம். பாதியை நானே சைக்கிளிலும் பஸ்ஸிலும் கொண்டு போனேன். சோதனைப் பெயரை மாற்றினோம். மேடம் சில வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு முதல் சனிக்கிழமைகளில் யாரும் இல்லாத அறையில் நானே சத்தமாக வாசித்து நானே கேட்டுக்கொண்டேன். வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் எனக்கு அதிகம் ஞாபகம் வருவது அந்த வெள்ளிக்கிழமைதான். அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் லீவு இல்லை, பள்ளிக்கூடத்தில் உலை வைக்க வேண்டும். “நீங்க கூடப் போயிட்டு வாங்கண்ணே” என்று மேடம் என்னை அனுப்பினார். கல்லூரியின் கடிதம் என் பையில் இருந்தது. சிவகங்கை பஸ்ஸில் தேனம்மை ஜன்னலோரம் உட்கார்ந்து சான்றிதழ் உறையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் பொட்டலும் கருவேலமும் நகர்ந்துகொண்டே இருந்தன. நேற்றுப் பார்த்த வரிகள்தான் இன்னும் ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் ஒரு வயதான அதிகாரி, பெண். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடிதத்தை வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு, அப்பாவா?”

“இல்லங்கம்மா. பேரைத் தப்பா அடிச்சவன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இன்னொரு தடவை பார்த்தார். “சரி, அங்குட்டு வெளிய இருங்க. பிள்ளை இருக்கட்டும்” என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். பக்கத்துக் கோர்ட்டுக்கு வந்த கூட்டம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் வெளியே வந்தபோது கையில் உறை இல்லை.

“என்னம்மா சொன்னாக?”

“எல்லாம் சரியாம் சார். வாங்கி வச்சுக்கிட்டாக. பதிவேட்டுல கையெழுத்துப் போடச் சொன்னாக.”

“போட்டியா?”

“எப்பவும் இங்கிலீசுலதான் சார் போடுவேன். இன்னைக்குத் தமிழ்ல போட்டேன்.” வலது கையைத் தூக்கி, எனக்கு முன்னால் காற்றில் விரலால் எழுதிக் காட்டினாள். “கொம்பை முதல்ல போட்டேன். அப்புறம்தான் ‘த’.”